இரண்டு மணிக்குமேல் எழுதிய ‘இல்லை’

அலுவலகத்தில் எனக்கு ‘பட்டது சார்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடுவதில்லை. அடுத்த மேஜையில் சொல்லிச் சிரிப்பது என் காதில் விழாது என்று அவர்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள். பதினெட்டு வருஷமாக ஆய்வறிக்கை எழுதுகிறவன் நான். ‘கண்டறியப்பட்டது’, ‘கருதப்படுகிறது’, ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதி எழுதி, வீட்டில் மனைவி சாப்பாடு எப்படி என்று கேட்டால்கூட ‘திருப்திகரமாகக் காணப்படுகிறது’ என்றுதான் வாயில் வருகிறது. அவள் அதற்குச் சிரிப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

என் அறிக்கைகளில் ஆள் வரமாட்டார், எண்தான் வரும். ஆயிரத்து இருநூறு வீடுகள், நாற்பத்தாறு கேள்விகள், பதினோரு கணக்கெடுப்பாளர்கள் என்று இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரி போட்டுவிட்டு அட்டவணைக்குப் போய்விடுவேன். அந்தப் பதினோரு பேரில் ஒருவரைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அறிக்கையில் அதற்கு இடம் கிடையாது. இங்கே எழுதுகிறேன்.

அவரை நாங்கள் நாலக்கா என்போம். ஒவ்வொரு கணக்கெடுப்பாளருக்கும் ஒரு எண் உண்டு. படிவத்தின் வலது மூலையில் அதை எழுத வேண்டும், எந்த வீட்டை யார் பார்த்தார் என்று தெரிவதற்காக. ஒவ்வொரு ஆய்வுக்கும் எண்கள் மாறும், ஆட்களும் மாறுவார்கள். அக்கா மட்டும் இருபத்தாறு வருஷமாக நான்காம் எண்ணை விட்டுக்கொடுத்ததில்லை. ஒருமுறை புதிதாக வந்த மேலாளர் ஒருவர் அவருக்கு ஒன்பதாம் எண்ணைக் கொடுத்துவிட்டார். அக்கா ஒன்றும் பேசவில்லை, எல்லாப் படிவத்திலும் நாலு என்றே எழுதிக் கொடுத்தார். அந்த நாலுகளை ஒன்பதாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு நாள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மாற்றினேன்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். கதவைத் தட்டுவதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துப் படிவத்தில் நேரத்தை எழுதிவிடுவார். கதவு திறந்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்பார். ‘நாம நெருங்கி நின்னா அவங்க கதவைப் பிடிச்சுக்குவாங்க, நாம பின்னால நின்னா அவங்களே வெளியே வருவாங்க’ என்பார். உள்ளே கூப்பிட்டால் சோபாவில் சாய மாட்டார். யார் வீட்டிலும் சுவரில் இருக்கும் படத்தைப் பற்றி விசாரிக்க மாட்டார், விசாரித்தால் அரை மணி நேரம் போய்விடும். பேனாவைக் கயிற்றில் கட்டி அட்டையோடு முடிந்திருப்பார். புதிதாக வருகிறவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுப்பதும் அவர்தான். அதில் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: ‘கேள்வியை மட்டும் கேளு. பதிலையும் நீயே சேர்த்துக் கேக்காதே.’

அக்கா வீட்டுக்காரர் அச்சகத்தில் மிஷின் ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. பேச்சு மட்டும் பாதி திரும்பி வந்தது. ஒரே மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள், வாரம் ஒருநாள் போனில் அழுவாள். எதிர்வீட்டில் ஒரு தையல்காரம்மா. அவர்தான் தன் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து அக்கா வீட்டு முன்னறையில் போட்டுக்கொண்டு, பகலெல்லாம் ஒரு கண் துணியிலும் ஒரு கண் கட்டிலிலுமாக இருப்பார். ஆனால் நாலரைக்கு அவர் கிளம்பியாக வேண்டும். அளவு கொடுக்க வருகிற பெண்கள் அந்த நேரத்தில்தான் அவர் வீட்டுக்கு வருவார்கள். அதனால் அக்கா நாலரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும். மூன்று வருஷமாக அவருடைய பகல் முழுவதும் இந்த நாலரையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் சொல்லிப் புலம்பவில்லை. எனக்கே அரையும் குறையுமாகத்தான் தெரியும். ஊரெல்லாம் போய்க் கேள்வி கேட்கிறவரை நாங்கள் ஒரு கேள்வி கேட்டதில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

போன ஆய்வு நகராட்சிக்காக. வீட்டுக்கே வந்து நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ்கள் எட்டுப் பேரைப் புதிதாக எடுக்கப்போகிறார்கள். எந்த வார்டுக்கு எத்தனை பேர் என்று முடிவு செய்ய எங்கள் அறிக்கை வேண்டும். அவ்வளவுதான் விஷயம். நாற்பத்தாறு கேள்விகளில் உயிர்க்கேள்வி பதினாலாவது. ‘குளிக்க, உடுத்த, சாப்பிட, நடக்க இன்னொருவர் உதவி தேவைப்படுகிறவர் இந்த வீட்டில் யாராவது இருக்கிறாரா?’ ‘ஆம்’ என்றால் பதினைந்திலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் கேட்க வேண்டும், நாற்பது நிமிஷம் ஆகும். ‘இல்லை’ என்றால் பக்கத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும், நேராகக் கடைசிக் கேள்விக்குப் போய் நன்றி சொல்லி எழுந்துவிடலாம். ஆறு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

களத்துக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அந்த அம்புக்குறியின் அருமை தெரியும். வெயிலில் ஒன்பதாவது வீட்டு மாடி ஏறும்போது மனசுக்குள் ‘இல்லைன்னு சொல்லிடுப்பா’ என்று வேண்டாதவர் எவரும் இல்லை. வேண்டிக்கொள்வதில் தப்பில்லை. அது கேள்வியில் ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

படிவங்கள் எல்லாம் வந்து சேர்ந்து, கணினியில் ஏற்றி முடித்து, நான் வரைவு எழுத உட்கார்ந்தேன். சமர்ப்பிக்கப் பத்து நாள் இருந்தது. எல்லா வார்டிலும் சுமாராக ஐந்து வீட்டுக்கு ஒரு ‘ஆம்’ வந்திருந்தது. வடக்கு வார்டில் நாற்பத்தெட்டு வீட்டில் இரண்டே இரண்டு. நான் அதற்கும் ஒரு வாக்கியம் எழுதிவிட்டேன். ‘வடக்கு வார்டில் இல்லப் பராமரிப்புத் தேவை மிகக் குறைவாக உள்ளதால், அங்கு செவிலியர் நியமனம் தற்போது அவசியமில்லை எனக் கருதப்படுகிறது.’ எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ பாதி குடிக்கும்போதே மனசு அடித்துக்கொண்டது. வடக்கு வார்டு எனக்குத் தெரிந்த இடம். மாடி மாடியாகப் பழைய கட்டடங்கள், லிஃப்ட் கிடையாது. அங்கே மட்டும் எல்லோரும் எழுந்து ஓடியாடிக்கொண்டிருக்கிறார்களா என்ன?

திரும்பி வந்து படிவங்களை எண் வாரியாகப் பிரித்தேன். வடக்கு வார்டு முழுவதும் நான்காம் எண். அதே நான்காம் எண் தெற்கு வார்டில் அறுபது வீடு பார்த்திருக்கிறது, அங்கே பதின்மூன்று ‘ஆம்’. அப்புறம் நேரத்தைப் பார்த்தேன். தெற்கு எல்லாம் காலை, வடக்கு எல்லாம் இரண்டு மணிக்குமேல். வடக்கு வார்டு அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது. யார் எந்த நேரத்தில் எங்கே போவது என்ற பட்டியலைப் போட்டதும் அவரேதான்.

வேறு யாராவது இருந்தால் அந்த நிமிஷமே கத்தியிருப்பேன். மறுநாள் காலை அக்கா வந்து பையை வைத்ததும், அட்டவணையை அவர் முன்னால் தள்ளினேன்.

“அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மேலிருந்து கீழே விரலை ஓட்டியவர் நேரம் என்ற இடத்தில் நின்றுவிட்டார். அவருக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த மாதிரி எத்தனை பேரை அவரே பிடித்திருக்கிறார்.

“நான் பொய் எழுதல தம்பி” என்றார். “எல்லாரும் இல்லைன்னுதான் சொன்னாங்க.”

“நீங்க எப்படிக் கேட்டீங்க?”

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, வீட்டு வாசலில் நிற்பது போலவே முகத்தை வைத்துக்கொண்டு, அதே குரலில் சொல்லிக் காட்டினார்.

“உங்க வீட்டுல எழுந்து நடமாட முடியாதவங்கன்னு யாரும் இல்லையே?”

இல்லைக்கா என்று என் வாயிலேயே வந்துவிட்டது. அத்தனை பாந்தமாக, அத்தனை பிரியமாகக் கேட்டார். அந்தக் குரலுக்கு யாராவது ‘இருக்கிறார்’ என்று சொன்னால் அது மரியாதைக் குறைவு போலத் தோன்றும்.

“சில பேரு, கொஞ்சம் பிடிச்சுக்கிட்டா நடப்பாங்கன்னு சொன்னாங்க” என்றார் அக்கா. “நடப்பாங்கல்ல, அப்ப சரின்னு போட்டுக்கிட்டேன். வேணும்னு செய்யல. மூணு மணியாச்சுன்னா எனக்கு வாட்ச்சைத் தவிர வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது தம்பி. அந்தம்மா கிளம்பிட்டா அவரு தனியா இருப்பாரு. ஒரு தடவை கட்டில்லேர்ந்து விழுந்து, நான் போற வரைக்கும் தரையிலயே கிடந்தாரு.”

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். என் புத்தி எப்போதும் போகும் வழியிலேயே போனது. எந்த அறிக்கையிலும் கடைசிக்கு முந்தின அத்தியாயம் ‘ஆய்வின் வரம்புகள்’. நாங்கள் பூசி மெழுகுவதெல்லாம் அங்கேதான்.

“அக்கா, ஒரு வரி போட்டுடலாம். பிற்பகல் நேர்காணல்களில் சில விடுபடல்கள் இருக்கக்கூடும்னு. யாரு என்னன்னு வராது.”

“அதைப் படிச்சுட்டு வடக்கு வார்டுக்கு நர்ஸ் அனுப்புவாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்புறம் எதுக்கு அந்த வரி?”

“நமக்குத்தான்” என்றேன்.

அக்கா எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தார். நேராக டைரக்டர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். டைரக்டருக்கு என் கடைசித் தம்பி வயசு. தூசி ஒத்துக்கொள்ளாது, எங்கள் அலுவலகத்தில் தூசியைத் தவிர வேறொன்றும் இல்லை, பாவம், எப்போதும் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கணவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தேன், அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

“ஆறு வருஷத்துக்கு முன்னால ஒரு பொண்ணு வீட்டுக்கே போகாம டீக்கடையில உக்காந்து மூணு ஃபாரம் எழுதிட்டா. அவளை அன்னைக்கே நான்தான் வீட்டுக்கு அனுப்பினேன்” என்றார் அக்கா. “இது நாற்பத்தெட்டு ஃபாரம். நீங்க பாத்துச் செய்ங்க சார்.”

டைரக்டர் தும்மினார். கைக்குட்டையை மடித்து வைத்தார். என்ன சொல்வார் என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“உங்க விஷயத்தை ரிப்போர்ட் கொடுத்துட்டுப் பேசலாம். இப்ப அந்த நாற்பத்தெட்டு வீட்டையும் திரும்ப எடுக்கணும். காலையில மட்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, நாலு நாள்ல முடிச்சுடுங்க. ஆனா நீங்க கேக்கக் கூடாது. நீங்க வீட்டைக் காட்டுங்க, உள்ள வந்து உக்காருங்க, வாயைத் திறக்கக் கூடாது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இவர் கேக்கட்டும்.”

நான் களத்துக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. மூட்டு வலி இருக்கிறது சார் என்றேன். “வீட்டுல உதவிக்கு ஆள் இருக்காங்களா?” என்று கேட்டார். டைரக்டர் கேலி செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

முதல் நாள் என் மானம் கப்பலேறியது. புது ஷூ, இரண்டாவது தெருவிலேயே குதிகாலைக் கடித்துவிட்டது. முதல் வீட்டில் நேரம் எழுத மறந்தேன். அக்கா பின்னாலிருந்து தன் மணிக்கட்டை விரலால் தட்டிக் காட்டினார். கதவை ஒட்டி நின்றேன், அவர் என் சட்டையைப் பிடித்து இரண்டடி பின்னால் இழுத்தார். ஒரு வீட்டில் சோபாவில் நன்றாகச் சாய்ந்துவிட்டேன், அங்கே இருந்த பெரியவர் தன் சர்வீஸ் கதையை முழுக்கச் சொல்லி முடிக்க ஐம்பது நிமிஷம் ஆனது. அவர் நல்ல திடகாத்திரமாக இருந்தார், கேள்வி ஒன்றுக்கும் உதவவில்லை.

மூன்றாவது வீட்டில் பதினாலாம் கேள்வியை அச்சில் இருப்பது போலவே படித்தேன். கதவைத் திறந்த ஆள் உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தார். “இருக்காங்க. எங்கம்மா” என்றார். என் பக்கத்தில் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டின் பழைய படிவத்தில் ‘இல்லை’ என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு குறி இருந்தது. நான் புதிய படிவத்தில் பதினைந்தாம் கேள்விக்குப் போனேன்.

அப்படித்தான் ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொரு ‘ஆம்’ வரும்போதும் எனக்கு இரண்டு விதமாக இருக்கும். வார்டுக்கு நல்லது என்று ஒரு பக்கம் நிம்மதி. பக்கத்தில் இருக்கிறவருக்கு ஒரு அடி விழுகிறதே என்று ஒரு பக்கம். அக்கா ஒரு வீட்டிலும் பேசவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கைப்பிடியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருபத்தாறு வருஷம் கேட்டே பழகியவருக்கு, கேட்காமல் உட்காருவது எத்தனை பெரிய தண்டனை என்று டைரக்டருக்குத் தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் மத்தியானம் முப்பத்தாறு வீடு முடிந்திருந்தது. திரும்பும் பேருந்தில் படிவத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எட்டு ‘ஆம்’. மீதிப் பன்னிரண்டு வீட்டில் ஒன்றுகூட வராவிட்டாலும், வடக்கு வார்டுக்கு ஒரு நர்ஸ் நிச்சயம். ஒன்றிரண்டு வந்தால் இரண்டு நர்ஸ். அக்காவிடம் காட்டினேன். அவர் அந்தத் தாளைக் கையில் வாங்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

“தப்பிச்சோம் தம்பி” என்றார். அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார். ஜன்னலில் தலையைச் சாய்த்து, இறங்குகிற இடம் வரைக்கும் தூங்கினார். எனக்கும் பாரம் இறங்கிவிட்டது. தப்பு நடந்தது, கண்டுபிடித்தோம், சரி செய்துவிட்டோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். மனசுக்குள்ளேயே அறிக்கைக்கு வாக்கியம்கூட எழுதிவிட்டேன்: ‘மறு ஆய்வின் மூலம் குறைபாடு முழுமையாகக் களையப்பட்டது.’

நாலாம் நாள், ஐந்தாவது வீடு. மூன்றாம் மாடி. ஏறுவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து வயசு இருக்கும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்தவளுக்கு, என் பின்னால் அக்காவைப் பார்த்ததும் முகம் மாறியது.

“நீங்க ஏற்கெனவே வந்தீங்களேம்மா?”

“சில வீடுகளைச் சரிபார்க்க இன்னொரு தடவை வர்றோம்” என்று நான் சொன்னேன். அவள் உள்ளே கூப்பிட்டாள்.

ஒரே அறை, ஒரு சமையலறை. ஜன்னலோரம் கைவைத்த நாற்காலியில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். சரிந்துவிடாமல் இரண்டு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்திருந்தது. லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவராம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒன்றரை வருஷமாகக் கீழே இறங்காமல் இருக்கிறார். நான் பதினாலாம் கேள்வியைப் படித்தேன்.

அவள் அக்காவைத் தயக்கத்தோடு பார்த்தாள். “இருக்காங்க சார். அப்பாதான். அன்னைக்கே சொன்னேன், நான் பிடிச்சுக்கிட்டா நாலு எட்டு வைப்பாருன்னு. இவங்க, ‘அப்ப நடக்கறாருல்ல’ன்னு எழுதிக்கிட்டாங்க.”

நான் அக்கா பக்கம் திரும்பவில்லை. வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். யார் குளிப்பாட்டுகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் அவள் பட்பட்டென்று பதில் சொன்னாள். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி இருந்தது. முப்பத்து மூன்றாம் கேள்வி, கவனித்துக்கொள்கிறவர் வேலைக்குப் போகிறாரா.

“மூக்குக்கண்ணாடிக் கடையில இருந்தேன் சார். ரெண்டு வருஷம். பக்கத்துல ஒரு அக்கா பகல்ல வந்து பாத்துக்குவாங்க. இப்பப் போறதில்லை.”

முப்பத்து நாலு. “எப்ப நிறுத்தினீங்க? மாசம், தேதி ஞாபகம் இருக்கா?”

“இவங்க வந்துட்டுப் போன அடுத்த திங்கக்கிழமை.”

முப்பத்தைந்தாம் கேள்வி ‘காரணம் என்ன?’ என்பது. அச்சில் இருப்பதைப் படிக்க வேண்டும் என்பதற்காகப் படித்தேன்.

“பாத்துக்கிட்டு இருந்த அக்கா, இனிமே முடியாது, ஊருக்குப் போறேன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. நர்ஸ் வரப்போறாங்கன்னு கேள்விப்பட்டேன். வாரத்துல ரெண்டு நாள் நர்ஸ் வந்தா, அந்த நாள்ல மட்டும் அரை நாள் வேலை கேட்டுப் பாக்கலாம்னு கடை முதலாளிகிட்டப் பேசி வெச்சிருந்தேன். அவரும் சரின்னாரு. எங்க அத்தை தெற்கு வார்டுல இருக்காங்க. அவங்க வீட்டுக்கும் இந்தம்மாதான் போனாங்க, முக்கால் மணி நேரம் உக்காந்து கேட்டாங்களாம். எங்க வீட்டுல அஞ்சு நிமிஷத்துல எழுந்துட்டாங்க. அப்பவே தெரிஞ்சுது, எங்களுக்குக் கிடையாதுன்னு. அதான் போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப அங்க வேற ஆள் போட்டுட்டாங்க.”

இத்தனை வருஷமாக ஜனங்கள் கணக்கெடுப்பை விண்ணப்பம் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்று நான் எல்லா அறிக்கையிலும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். அப்படி நினைத்து ஒருவர் தன் வேலையை விட்டதை எதிரே உட்கார்ந்து கேட்டது அன்றைக்குத்தான்.

அக்கா வாயைத் திறந்துவிட்டார். “நான் எழுதினது தப்பும்மா. உனக்குக் கிடையாதுன்னு யாரும் சொல்லல. அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரமும் இல்ல. நான்தான் சரியா கேக்கல.”

நான் தடுக்கவில்லை. டைரக்டர் போட்ட விதி கிடக்கட்டும்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நீங்க அவசரத்துல இருந்தீங்க. வாட்ச்சைப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. சொல்லியிருந்தா, இன்னொரு நாள் வாங்கன்னு சொல்லியிருப்பேனே” என்றாள்.

அதற்குள் அவள் அப்பா ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்தார். தலையணை நழுவிக் கீழே விழுந்தது. அவள் எழுவதற்குள் அக்கா எழுந்துவிட்டார். கைப்பை தரையில் விழுந்து சில்லறை உருண்டது. அக்கா அவருடைய வலது அக்குளுக்குக் கீழே முன்கையைக் கொடுத்து, தன் முழங்காலை அவர் முழங்காலோடு முட்டுக் கொடுத்தார். அந்தப் பெண் இடது பக்கம் வந்தாள். “ம்” என்று அக்கா சொல்ல, இருவரும் ஒரே மூச்சில் அவரை மேலே இழுத்து உட்கார வைத்தார்கள். அக்கா அவருடைய வேட்டியை இழுத்துச் சரிசெய்தார், துவண்ட கையை எடுத்து மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரித்துவிட்டார். எல்லாம் யோசிக்காமல் செய்ததுதான், கை தானாகச் செய்தது.

அந்தப் பெண் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க வீட்டுல யாரும்மா?” என்று கேட்டாள்.

“வீட்டுக்காரர்.”

“எவ்வளவு நாளா?”

“மூணு வருஷம்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. புரியாததைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?”

அக்காவின் கை அந்தப் பெரியவருடைய தோளிலேயே இருந்தது. “தெரியும்மா” என்றார்.

அந்தப் பெண் தலையணையை எடுத்துத் தட்டி அப்பாவுக்குப் பக்கத்தில் சொருகினாள். மறுபடி என் எதிரே வந்து உட்கார்ந்து, அடுத்த கேள்விக்காகப் பார்த்தாள். இன்னும் பதினொன்று இருந்தன. நான் முப்பத்தாறாவதைப் படித்தேன்.